பார்த்துக் கொடுங்கள்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

உழைப்புக்குக் கொடுக்கும் பணத்துக்குத் தமிழில்தான் எத்தனை பெயர்கள்! வயலில் நாற்று நட்டவர் பெறுவது கூலி. அலுவலகத்தில் கோப்பு எழுதுபவர் பெறுவது சம்பளம். மருத்துவரும் வழக்கறிஞரும் பெறுவது கட்டணம். 'பீஸ்' என்று சொன்னால் நமக்கு இன்னும் நன்றாக விளங்கும். மேடையில் பாடியவருக்குச் சன்மானம். மணவறையில் மந்திரம் சொன்னவருக்குத் தட்சிணை.

பெயர் மாறும்போது தொகை மட்டுமா மாறுகிறது? தொகையைச் சொல்லும் வாயும் மாறிவிடுகிறது. கட்டணத்தைப் பெறுபவர் சொல்கிறார். கூலியைக் கொடுப்பவர் சொல்கிறார். சன்மானத்தையும் தட்சிணையையும் பல வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதேயில்லை. வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டிவிடுகிறோம். யார் சொல்கிறார் என்பதில்தான் உழைப்பவரின் மதிப்பே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல், தம் அறிவையும் கைத்திறனையும் மட்டுமே நம்பித் தனித்துத் தொழில் செய்பவர் தம் கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது, எப்போது உயர்த்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். 'படிக்கும் பெண்ணுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு?' என்று சிலர் நினைக்கலாம். நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் அரசு வேலை காத்திருக்கவில்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நம்மில் சிலர் தனிப்பயிற்சி ஆசிரியராவோம். சிலர் கடைகளுக்குக் கணக்கு எழுதுவோம். சிலர் கணிப்பொறி வேலையை வீட்டிலிருந்தே செய்வோம். மொழிபெயர்ப்போம், மண் பரிசோதித்து யோசனை சொல்வோம். அப்போது எதிரே இருப்பவர், 'எவ்வளவு?' என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு மூன்றாண்டுப் பாடத்திட்டத்தில் விடை இல்லை.

என் வீட்டில் அதற்கு ஒரு விடை இருந்தது. அது தவறான விடை என்பதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

அப்பாவின் பதில்

என் அப்பா பம்புசெட் மெக்கானிக். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சுற்றியுள்ள ஊர்களில் மோட்டார் நின்றுவிட்டால் முதலில் அவருக்குத்தான் போன் வரும். பள்ளி விடுமுறையில் பலமுறை அவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு பெரிய தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை. சுவிட்சைப் போட்டால் உறுமியது, சுற்றவில்லை. அப்பா அந்த உறுமலைக் கேட்டதுமே ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார். மூன்று பேஸில் ஒன்று மோட்டாருக்கு வரவில்லை என்பது அந்தச் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டார்ட்டரைத் திறந்தார். ஒரு பாயிண்ட் கருகிப் போயிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்து மூடினார். மோட்டார் ஓடியது. மொத்தம் பத்து நிமிடம். இன்னும் சிறிது நேரம் அப்படியே உறுமவிட்டிருந்தால் காயில் எரிந்து, மறுபடி கட்டப் பல ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கும்.

"எவ்வளவுப்பா?" என்றார் தோட்டக்காரர்.

"நீங்களாப் பாத்துக் குடுங்க" என்றார் அப்பா.

தோட்டக்காரர் பார்த்தார். அவர் பார்த்தது கருகாமல் தப்பிய காயிலை அன்று. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பார்த்தார். நூறு ரூபாய் கொடுத்தார். அப்பா அதைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் எண்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டோம்.

'ஏன் கேட்கவில்லை?' என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "கேட்டா மரியாதையா இருக்காது பாப்பா."

அந்த 'மரியாதை' என்ற சொல் எனக்குப் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. நகரத்து மருத்துவரின் வாசலில் ஆலோசனைக் கட்டணம் இவ்வளவு என்று பலகை தொங்குகிறது. அதனால் அவருடைய மரியாதை குறைந்துவிட்டதா? இல்லை. அவர் கேட்டால் கட்டணம். என் அப்பா கேட்டால் பேராசை! இது எந்த ஊர் நியாயம்?

களத்துமேட்டிலிருந்து வந்த வழக்கம்

இந்த வழக்கம் நேற்று முளைத்ததன்று. நம் கிராமங்களில் தச்சர், கொல்லர், நாவிதர், சலவைத் தொழிலாளி முதலியோர் ஆண்டு முழுவதும் வேலை செய்வார்கள். அறுவடையின்போது களத்துமேட்டில் அவர்களுக்கு நெல் அளக்கப்படும். அந்தப் பங்குக்குப் பழைய நாளில் 'சுதந்திரம்' என்று பெயர். பரம்பரை உரிமை என்ற பொருளில் வழங்கிய சொல் அது. ஆனால் எந்த ஊரிலும் எந்தக் கொல்லரும் தம் சுதந்திரத்தின் அளவைத் தாமே நிர்ணயித்ததாக நான் கேள்விப்படவில்லை. சாதியும் வழக்கமும் அளவை வகுத்தன. நிலக்காரரின் கை அளந்தது. பெயரில் மட்டுமே சுதந்திரம்!

அந்த முறைக்கு ஒரு நன்மையும் இருந்தது என்பதை மறுக்கவில்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை நெல் வீடு வந்து சேர்ந்தது. இன்று அந்த நெல் வருவதில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பணிவு மட்டும் நம் நாக்கில் தங்கிவிட்டது. உத்தரவாதம் போனது; கூச்சம் போகவில்லை. 'பார்த்துக் கொடுங்கள்' என்பது அந்தக் களத்துமேட்டின் எதிரொலிதான்.

கட்டணம் வேறு, வருமானம் வேறு

சென்ற ஆண்டு விடுமுறையில் நானும் அப்பாவும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். கணிதம் படிக்கும் பெண் வீட்டுக்கு ஏதாவது பயன்பட வேண்டாமா?

முதலில் வேலை நாட்கள். கோடையில் ஓய்வில்லை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அழைப்பே வராது. நல்லது கெட்டது, காய்ச்சல், தலைவலி எல்லாம் போக ஆண்டுக்கு 210 நாட்கள் தேறின. அடுத்து, தேவையான பணம். குடும்பச் செலவு மாதம் 15,000 வீதம் ஆண்டுக்கு ரூ. 1,80,000. பெட்ரோல் ரூ. 28,800. கருவிகள், மீட்டர், போன் ஆகியவற்றுக்கு ரூ. 12,000. வண்டி பழுதுக்கு ரூ. 7,200. நோய்க்கும் முதுமைக்கும் சேர்த்து வைக்க மாதம் 2,000 வீதம் ரூ. 24,000. ஆக மொத்தம் ரூ. 2,52,000. இதை 210-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ரூ. 1,200. நாளுக்குச் சராசரி இரண்டு வேலை என்றால், ஒரு வேலைக்கு ரூ. 600 வரவேண்டும்.

அப்பாவுக்கு உண்மையில் வந்துகொண்டிருந்தது, அவருடைய டைரியின்படி, சராசரியாக ரூ. 350. அதாவது ஆண்டுக்கு ரூ. 1,47,000. பள்ளம் ரூ. 1,05,000. அந்தப் பள்ளத்தை அம்மா வளர்த்த ஆடுகளும் நகைக்கடனும் நிரப்பி வந்திருக்கின்றன. சேமிப்பு என்ற வரியில் ஒரு ரூபாய்கூட விழுந்ததில்லை. கணக்கு முடிந்ததும் அப்பா வெகுநேரம் பேசாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகளாக ஊராருக்கு அவர் கொடுத்து வந்த நன்கொடையின் ரசீதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார் என்று எனக்குத் தோன்றியது.

இதில் புதிய தத்துவம் ஒன்றுமில்லை. 1776-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஆடம் ஸ்மித் இதைச் சொல்லிவிட்டார். தொழிலுக்குத் தொழில் ஊதியம் வேறுபடுவதற்கு அவர் ஐந்து காரணங்களைக் காட்டினார். வேலையின் இன்பதுன்பம், அதைக் கற்க ஆகும் செலவு, வேலை தொடர்ந்து கிடைக்குமா என்பது, எவ்வளவு நம்பிக்கையை அவரிடம் ஒப்படைக்கிறோம் என்பது, வெற்றி பெறும் வாய்ப்பு எவ்வளவு என்பது ஆகியவையே அவை. கொத்தனாரை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். கடும் பனியிலும் மழையிலும் கொத்தனாருக்கு வேலையில்லை. ஆகவே வேலை செய்யும் நாளின் கூலி, வேலையற்ற நாளையும் காப்பாற்ற வேண்டும். அந்த நாட்களில் அவர் படும் கவலைக்கும் சிறிது ஈடு செய்ய வேண்டும் என்கிறார். எங்கள் ஊரில் பனி இல்லை; மழை உண்டு. வாதம் அதேதான்.

நம் அரசும் இதை ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கணக்காயர் போன்ற தனித்தொழில் செய்வோருக்கு 2016-இல் வருமானவரியில் ஓர் எளிய முறையைக் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட வரம்புக்குள் வரவு உள்ளவர், வந்த கட்டணத்தில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மறுபாதி செலவென்று கருதப்படும். வாங்கும் கட்டணம் முழுவதும் வீட்டுக்குப் போவதில்லை என்பது வரி போடுபவருக்கே தெரிகிறது. வேலை வாங்குபவருக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?

பத்து நிமிடமா, ஓர் ஆயுளா?

'பத்து நிமிட வேலைக்கு இவ்வளவா?' என்ற கேள்விக்கு லண்டன் நீதிமன்றத்தில் ஒருமுறை பதில் சொல்லப்பட்டது. விஸ்லர் என்ற அமெரிக்க ஓவியர் தம் படம் ஒன்றுக்கு 200 கினி விலை வைத்திருந்தார். புகழ்பெற்ற விமர்சகர் ரஸ்கின் 1877-இல் அதைக் கடுமையாக இகழ்ந்து எழுதினார். விஸ்லர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1878-இல் விசாரணை நடந்தபோது, 'இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி கேட்கிறீர்?' என்ற பொருளில் வழக்கறிஞர் மடக்கினார். ஓர் ஆயுட்கால உழைப்பில் பெற்ற அறிவுக்காகக் கேட்கிறேன் என்பது விஸ்லரின் பதில்.

வழக்கில் அவர் வென்றார். ஆனால் அவருக்குக் கிடைத்த நஷ்டஈடு ஒரே ஒரு பார்த்திங். அதாவது கால் பென்னி! வழக்குச் செலவும் சேர்ந்து அழுத்த, 1879-இல் அவர் திவாலானார். ஆகவே, நியாயம் நம் பக்கம் இருந்தால் பணமும் தானே வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என் அப்பா அந்த உறுமலைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆகவில்லை. இருபது ஆண்டுகள் ஆயின. இதை வாய்திறந்து சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் சொல்லாததைத் தோட்டக்காரர் எப்படி அறிவார்?

தொண்டும் தொழிலும்

'எல்லாவற்றையும் பணத்தால் அளந்தால் தொண்டு என்னாவது?' என்று கேட்பார்கள். இதற்கு காந்தியடிகளின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. 1894-இல் நேட்டாலில் தங்கிப் பொதுப்பணி செய்யுமாறு அங்குள்ள இந்திய வணிகர்கள் அவரைக் கேட்டுக்கொண்டனர். பொதுப்பணிக்குப் பணம் வாங்க அவர் மறுத்துவிட்டார். அதற்காகப் பட்டினி கிடக்கவும் அவர் ஒப்பவில்லை. தமக்கு ஆண்டுக்கு 300 பவுன் தேவை என்று கணக்கிட்டுச் சொன்னார். அந்தத் தொகைக்கு ஈடாக வக்கீல் வேலை கிடைக்குமானால் தங்குவதாகக் கூறினார். ஏறத்தாழ இருபது வணிகர்கள் ஓராண்டுக்குத் தங்கள் வழக்குகளை ஒப்படைத்து முன்பணம் கொடுத்தனர். அவர் தங்கினார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் இரண்டையும் குழப்பவில்லை என்பதே. தொண்டு முழுக்க இலவசம். தொழிலுக்குத் தெளிவான கட்டணம். நாமோ இரண்டையும் கலந்து விடுகிறோம். பாதி இலவசமாகவும் பாதி மனக்குறையோடும் வேலை செய்கிறோம். கொடுப்பவர் முழுதும் கொடுத்துவிட்டதாக நினைக்கிறார்; பெறுபவர் ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார். தொண்டும் இல்லை, தொழிலும் இல்லை!

உயர்த்துவது எப்போது?

கட்டணத்தை ஒருமுறை நிர்ணயிப்பது எளிது. அதை உயர்த்துவதுதான் கடினம். மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டில் இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், விலைவாசியைப் பார்த்து அகவிலைப்படி திருத்தப்படுகிறது. நம் பேராசிரியப் பெருமக்களுக்கும் அகவிலைப்படி உண்டு. அதைப் பேராசை என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. தனித்தொழில் செய்பவருக்கு அகவிலைப்படியை அறிவிக்க யார் இருக்கிறார்கள்? அவரே அரசு, அவரே ஊழியர். அவர் அறிவிக்காவிட்டால் அவருடைய ஊதியம் ஆண்டுதோறும் சத்தமில்லாமல் குறைகிறது.

எப்படிக் குறைகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 72-ஐ விலை உயரும் சதவீதத்தால் வகுத்தால், எத்தனை ஆண்டுகளில் விலை இரட்டிப்பாகும் என்பது ஏறக்குறையத் தெரியும். ரிசர்வ் வங்கிக்கு 2016-இல் வகுக்கப்பட்ட பணவீக்க இலக்கு 4 சதவீதம். அந்த இலக்கு அப்படியே நிறைவேறினாலும் 18 ஆண்டுகளில் விலைகள் இரட்டிப்பாகும். 6 சதவீதமானால் 12 ஆண்டுகள் போதும். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கட்டணத்தை மாற்றாதவர், தம் சம்பளத்தில் பாதியைத் தாமே வெட்டிக்கொண்டவராகிறார்.

நிற்க. ஊருக்கு உபதேசம் செய்யும் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேருக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். தொடங்கும்போது மாதம் ரூ. 500. இரண்டாண்டுகள் மாற்றவில்லை. ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறியதாக வைத்துக்கொண்டாலும், பழைய 500-க்கு ஈடாக 551 வாங்கியிருக்க வேண்டும். அதோடு எட்டாம் வகுப்பில் வந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள், வேலை கூடிவிட்டது. எனவே ஜூன் முதல் ரூ. 600 என்று ஏப்ரல் மாதத்திலேயே எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்தேன். கை நடுங்கியது உண்மை.

ஒரு வீட்டில் அந்த அம்மா சொன்னார்: "நம்ம வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சோம். நீயும் காசுக் கணக்கு பாக்கறியேம்மா!"

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தேன். நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அவளுடைய உழைப்புக்கு விலை கிடையாது என்பதுதானே இதன் பொருள்? வீட்டில் பெண்கள் செய்யும் வேலையை எப்படிக் கணக்கில் சேர்ப்பதில்லையோ, அதே வழக்கம் தெருவுக்கும் வந்துவிட்டது. அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அன்புக்கும் 600 ரூபாய்க்கும் பகை இல்லை என்றே நினைக்கிறேன். அவருடைய மகன் இன்றும் என்னிடம்தான் படிக்கிறான்.

ஒரு பையன் மட்டும் நின்றுவிட்டான். ஏழு பேரிடம் 500 வீதம் 3,500 வந்தது. ஆறு பேரிடம் 600 வீதம் 3,600 வருகிறது. கணக்கில் எனக்கு இலாபம்தான். மனத்தில் இலாபமில்லை. அவன் அம்மா பூக்கட்டி விற்பவர். 'எங்களால் முடியாது' என்று என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, பையனை நிறுத்திவிட்டார். இதை மூன்று மாதம் கழித்துத்தான் அறிந்தேன். கேட்பதற்கு எனக்கிருந்த அதே கூச்சம் அவருக்கும் இருந்திருக்கிறது! கட்டணத்தை எழுதிய நான், 'இயலாதவர்கள் சொல்லுங்கள். பாதிக் கட்டணத்தில் ஒருவருக்கு இடம் உண்டு' என்று இன்னொரு வரியும் எழுதியிருக்க வேண்டும். பிழை உயர்த்தியதில் அன்று. சலுகையைச் சொல்லாமல் விட்டதில்தான். அவனைத் திரும்ப அழைத்தேன். அதற்குள் வேறிடம் சேர்ந்துவிட்டான்.

ஒரு எல்லை

உயர்த்தலாம் என்பதற்காக எப்போது வேண்டுமானாலும் உயர்த்தலாமா? கூடாது. அப்பாவுக்கு இதில் உறுதியான கொள்கை உண்டு. "பயிரு காயறப்ப வெல பேசக் கூடாது" என்பார். கிணற்றில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாமல் பயிர் வாடி நிற்கும் உழவரிடம் இரட்டிப்புக் கட்டணம் கேட்பது தொழிலன்று, வழிப்பறி. இதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதனாலேயே ஒன்றும் சொன்னேன். "பயிர் காயும்போது பேசக் கூடாது என்றால், காயாதபோதே பேசி வைத்துவிட வேண்டும் அல்லவா, அப்பா?" முன்கூட்டியே சொன்ன கட்டணம் வாங்குபவரையும் காக்கிறது, கொடுப்பவரையும் காக்கிறது. அவசரத்தில் ஏமாற்ற முடியாது. வேலை முடிந்தபின் குறைக்கவும் முடியாது. சொல்லாத கட்டணத்தில்தான் இருவருக்கும் ஆபத்து.

அப்பா சிரித்தார். பதில் சொல்லவில்லை. ஆனால் பொங்கல் கழிந்தபின் அவருடைய டைரியின் முதல் பக்கத்தில் என்னை எழுதச் சொன்னார்: வந்து பார்க்க ரூ. 300, பழுது நீக்க ரூ. 600 முதல், உதிரிபாகம் தனி, சிறு விவசாயிக்குத் தவணை உண்டு. இப்போது போனிலேயே தொகையைச் சொல்லிவிடுகிறார். சில வீடுகளிலிருந்து அழைப்பு நின்றுவிட்டது. பழக்கப்பட்ட சில பெரியவர்களிடம் இன்னும் 'பாத்துக் குடுங்க' என்றுதான் சொல்கிறார். இருபது ஆண்டுப் பழக்கம் ஒரு பொங்கலில் போய்விடுமா? ஆனால் சென்ற மாதம் அந்தத் தோட்டக்காரர் மீண்டும் அழைத்தார். தொகையைக் கேட்டு ஒரு கணம் பேசாமல் இருந்தாராம். பிறகு, "சரி, வாங்க" என்றாராம். வழக்கமாக 'வாப்பா' என்பவர், 'வாங்க' என்றதுதான் அப்பா வீட்டுக்கு வந்து முதலில் சொன்ன செய்தி. பணத்தைப் பற்றி அதன் பிறகே சொன்னார்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். கை கட்டி நின்று பெற்றுப் பழகிய குடும்பங்களிலிருந்து வந்திருக்கிறோம். பட்டம் நமக்கு வேலை தரலாம், தராமலும் போகலாம். ஆனால் 'எவ்வளவு?' என்று ஒருவர் கேட்கும்போது தலை குனியாமல், கூட்டியும் சொல்லாமல் குறைத்தும் சொல்லாமல், கணக்குப் போட்டு ஒரு தொகையைச் சொல்லும் துணிவை அது தரவேண்டும். அதை நாம் கற்றுக்கொண்டால் போதாது. வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிறர் பார்த்துக் கொடுக்கும் காலம் போகட்டும். நாம் பார்த்துச் சொல்லும் காலம் வரட்டும்!